மேல்வீட்டு அன்ரியின் பூட்டனார்

ஸ்டுட்கார்ட்டில் எங்கள் மேல்வீட்டில் நமீபியாவிலிருந்து வந்த ஓர் அன்ரி குடியிருந்தார். அம்மா வேலை செய்த முதியோர் இல்லத்தில்தான் அவருக்கும் வேலை. ஒருநாள் அம்மா, அன்ரியின் பூட்டனார் ஊருக்குத் திரும்புகிறார், வழியனுப்ப நாங்களும் போகவேண்டும் என்றார். அவர் நெடுங்காலமாக இங்கே ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறாராம். எனக்கு எட்டு வயது. காவலாளியாக இருக்கிறார் போலும் என்று நானே முடிவுசெய்துகொண்டேன். இந்த வயதிலும் அவரை ஓய்வெடுக்க விடாத முதலாளிமீது கோபம்கூட வந்தது.

எங்கள் வீட்டில் யார் ஊருக்குப் போனாலும் சொக்லேட் கொடுத்துவிடுவது வழக்கம். நானும் ஒரு பெட்டி எடுத்துக்கொண்டேன்.

அம்மாதான் கார் ஓட்டினார். நமீபியாவிலிருந்து வந்திருந்த அன்ரியின் பெரியப்பா முன்னிருக்கையில் இருந்தார். முன்பும் இதற்காகவே வந்து, ஏதோ கையெழுத்துக் குறைகிறதென்று வெறுங்கையோடு திரும்பிப் போனவராம். இன்றைக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று எல்லோருக்கும் பயம்.

மண்டபத்தில் நீண்ட பேச்சுகள் நடந்தன. பிறகு கையுறை போட்ட இருவர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். பெரியப்பா எழுந்துபோய் அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்து, தங்கள் மொழியில் மெல்லப் பேசத் தொடங்கினார். யார் யார் கூட்டிப்போக வந்திருக்கிறார்கள் என்று சொல்கிறார் என்றார் அன்ரி.

நான் அம்மாவின் கையை இழுத்தேன். "பூட்டன் எங்கையம்மா?"

"அதுக்குள்ளதான், பிள்ளை. ஜெர்மன்காரர் அவையின்ர நாட்டைப் பிடிச்சு ஆண்ட காலத்தில, எதிர்த்து நிண்டவரைக் கொலை செய்துபோட்டு, தலையை அளந்து பாக்கவெண்டு இங்க கொண்டந்தவை."

நான் அம்மாவின் பின்னால் ஒதுங்கினேன். ஆனால் வேறு யாரும் பயந்ததாகத் தெரியவில்லை.

ஓர் அதிகாரி கடைசிக் கையெழுத்தை வைத்து, இனி அவர் உங்களோடு வரலாம் என்றார். அன்ரி பொத்தென்று கதிரையில் உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாக முகத்தைத் துடைத்தார். பெரியப்பா முதல்தடவையாகச் சிரித்தார். என் கையிலிருந்தது யாருக்கு என்று கேட்டார். பூட்டனுக்கு என்றேன். அதைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. பூட்டனுக்காகத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, சொக்லேட் பெட்டியைப் பிரித்து மண்டபம் முழுவதற்கும் நீட்டினார். சற்று நேரத்தில் அந்த இடம் கலியாணவீடு மாதிரி ஆகிவிட்டது. கையுறைக்காரர்கள்கூட ஆளுக்கொன்று எடுத்தார்கள்.

திரும்பும்போது பெரியப்பா நிம்மதியாகக் குறட்டை விட்டார். அம்மா மட்டும் அன்ரியிடம் ஓயாமல் கேட்டுக்கொண்டே வந்தார். எலும்பை வைத்து இன்னார் என்று எப்படி அறிந்தார்கள், முதலில் யாரிடம் போய்க் கேட்டீர்கள், இல்லை என்றவர்களிடம் மறுபடி என்ன சொன்னீர்கள். போன காரியம்தான் நல்லபடியாக முடிந்துவிட்டதே, அம்மாவுக்கு ஏன் அடுத்தவர் கதையைத் துருவும் இந்த விடுப்பு என்று எனக்கு அலுப்பாக இருந்தது. எங்கள் நாட்டு யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமல்போன அம்மாவின் அண்ணனை எனக்குச் சுவரில் தொங்கும் படமாக மட்டுமே தெரியும்.