கைப்பையில் வைத்த துப்பாக்கி

என் வீட்டுக்காரர் இடுப்பில் துப்பாக்கி வைத்திருந்தார் என்று சொன்னால் கேட்பவர்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். குண்டர் கும்பல் போலிருக்கிறது என்று நினைப்பார்கள். அதெல்லாம் இல்லை. இங்கே மலேசியாவில், ஈப்போ நகரத்தில் நகை வியாபாரம். போலீஸ் கொடுத்த உரிமம், படுக்கையறைச் சுவரோடு பதித்த இரும்புப் பெட்டகம், எல்லாம் முறைப்படிதான். முறைப்படி இருந்த அந்தச் சாமான் எப்படி என் கைப்பைக்குள் வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். வெளியூர்க் கடைகளுக்கு நகை கொண்டுபோய்க் கொடுப்பது அவர் தொழில். ஒரு நாள் தைப்பிங்கில், அந்த ஊரின் வழக்கமான மழையில், காரிலிருந்து இறங்கிக் குடையை விரித்தவரை மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் பாராங் கத்தியால் வெட்டிவிட்டுப் பையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தையல். அதற்குப் பிறகு அடுக்களையில் ஒரு தட்டு விழுந்தால்கூட எழுந்து நின்றுவிடுவார். துப்பாக்கி உரிமம் கேட்டு மனு போடப்போகிறேன் என்றபோது நானும் தலையாட்டினேன். அது லேசில் கிடைக்கிற காரியமில்லை. நாயாய் அலைந்துதான் வாங்கினார்.

உரிமம் கொடுத்த அன்று அதிகாரி எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். இது இவர் பெயருக்கு மட்டும். பெண்டாட்டி, பிள்ளை, அண்ணன், தம்பி யாரும் தொடக்கூடாது. காரில் வைத்துவிட்டுப் போகக்கூடாது. உரிமம் இல்லாதவர் கையில் இருந்தால் அது யாருடையது என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள், கையில் வைத்திருந்தவருக்கு ஜெயில். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் "ஓகே துவான், ஓகே துவான்" என்று மலாயில் ஐயா போட்டுத் தலையை ஆட்டினார்.

அது இடுப்பில் ஏறியதும் பயம் போனது. பயம் போன இடத்தில் வந்து உட்கார்ந்ததைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. சாலையில் எவனாவது குறுக்கே புகுந்தால் முன்பெல்லாம் வாய்க்குள் முணுமுணுத்துவிட்டுப் போகிறவர், இப்போது கண்ணாடியை இறக்கி முறைத்தார். சாப்பாட்டுக் கடையில் வாசலைப் பார்த்த நாற்காலிதான் வேண்டும் என்றார். எவர் கண்ணிலும் படாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். அதற்காகச் சட்டையெல்லாம் ஒரு அளவு பெரிதாக வாங்கினோம். ஆனால் என் தம்பிமார் வீட்டுக்கு வந்தால் மட்டும் இவருக்கு பெல்ட் தளர்ந்துவிடும். எழுந்து நின்று, சட்டையைத் தூக்கி, பெல்ட்டை இறுக்கிவிட்டு உட்காருவார். "என்ன மச்சான் இது!" என்று அவர்கள் வாயைப் பிளக்கும்வரை அந்த பெல்ட் இறுகாது.

ஆயுத பூஜைக்கு நான் என் தையல் இயந்திரத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன், வருஷம் முழுக்க எனக்குச் சோறு போடுவது அதுதான். இவர் அந்தத் துப்பாக்கியைக் கொண்டுவந்து கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் வைத்தார். சந்தனம் தடவி, குங்குமமும் வைத்தார்.

"குண்ட கழட்டிட்டீங்களா?" என்றேன்.

"கழட்டிட்டா அப்புறம் சாமி எத ஆசீர்வாதம் பண்ணும்?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் பூஜைத் தட்டுக்கு எதிரே பொரிகடலைக்குக் கையை நீட்டிக்கொண்டு என் தங்கை மகள் உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு ஐந்து வயது. எனக்குப் பிள்ளை இல்லை. தங்கை எங்கள் தாமானிலேயே, அதாவது இதே குடியிருப்பிலேயே, இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், அவளும் அவள் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். பாலர் பள்ளி விட்டதும் பிள்ளை எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். சாப்பாடு, தூக்கம், துணித் துண்டுகளை வைத்து விளையாட்டு, எல்லாம் என்னோடுதான். கார்ட்டூன் பார்க்க என் கைப்பையில் கையை விட்டு போனை எடுத்துக்கொள்வாள். கேட்கமாட்டாள், கேட்க வேண்டும் என்று நானும் சொல்லிக்கொடுத்ததில்லை. துப்பாக்கி வந்த பிறகு அவளுக்கு வீட்டில் ஒரு புதுச் சட்டம் வந்தது. பெரியப்பாவை வலது பக்கத்திலிருந்து கட்டிப்பிடிக்கக்கூடாது. "இந்தப் பக்கம் வா மா, அந்தப் பக்கம் வராத" என்று அவர் தள்ளிவிடுவார். கொஞ்ச நாளில் அவள் எந்தப் பக்கமும் போவதை நிறுத்திவிட்டாள்.

என் வீட்டுக்காரர் பிறந்தது லகாட் பக்கத்தில் ஒரு தோட்டம். ரப்பர் மரங்களை வெட்டி வீடுகள் கட்டிவிட்டார்கள். கோயில் மட்டும் இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவில் நிற்கிறது. வருஷத் திருவிழாவுக்கு எல்லாரும் எங்கெங்கிருந்தோ வந்துவிடுவார்கள். சாமி தூக்கும் கட்டையில் யாருக்கு எந்த இடம் என்பது தோட்டக் காலத்திலேயே முடிவான விஷயம். முன்பக்கம் வலது கட்டை என் மாமனாருடைய இடம், அவருக்குப் பிறகு என் வீட்டுக்காரருக்கு. ஒரு வருஷம் விட்டுக்கொடுத்தால் சித்தப்பா மகன் தோளைக் கொடுத்துவிடுவான் என்று இவருக்கு எப்போதும் ஒரு கவலை.

சாமி தூக்குகிறவர்கள் சட்டை போடக்கூடாது. வேட்டியும் இடுப்பில் ஒரு துண்டும்தான். அதனால் புறப்பாட்டுக்கு முன்னால் ஆண்களெல்லாம் சட்டையைக் கழற்றி, பர்ஸ், போன், கார் சாவி, கைக்கடிகாரம் என்று ஒவ்வொன்றாக மனைவிமார் கையில் திணிப்பார்கள். நாங்கள் வாங்கி வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொள்வோம். எந்தப் பெண்ணும் என்ன வாங்கினோம் என்று பார்ப்பதில்லை, எந்த ஆணும் பையில் இடம் இருக்கிறதா என்று கேட்பதில்லை. எங்கள் அம்மாக்கள் காலத்திலிருந்து இதுதான் வழக்கம்.

அன்று காலையில் அவர் தஞ்சோங் மாலிமுக்கு நகை கொடுக்கப் போய்விட்டு நேராகக் கோயிலுக்கு வந்தார். வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு வர நேரம் இருந்தது. போகவில்லை. உறுமி மேளம் தொடங்கிவிட்டது. சட்டையைச் சுருட்டி அதற்குள் எல்லாவற்றையும் வைத்து என்னிடம் நீட்டினார்.

"இந்தா, பத்திரமா வச்சுக்க லா."

சட்டைக்குள் ஜிப் வைத்த கறுப்புப் பை ஒன்றும் இருந்தது. கனத்தது. போனுக்கு சார்ஜ் ஏற்றும் பேட்டரி என்று நினைத்தேன், அவர் அதைத் தூக்கிக்கொண்டு அலைவது வழக்கம்தான். கைப்பைக்குள் போட்டு, கோயிலின் பின்புறம் அன்னதானச் சமையல் நடக்கும் கொட்டகைக்குப் போய், மற்றப் பெண்களின் பைகளோடு பெஞ்சில் வைத்தேன். சாம்பார் அண்டாவைக் கிளறும் வேலை என்னுடையது. தங்கை பக்கத்தில் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளை என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"பெரியம்மா, இந்த ஜிப் கஷ்டமா இருக்கு. தொறந்து குடுங்க. உள்ள புது போனா?"

கறுப்புப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். ஜிப் பாதி திறந்திருந்தது. இடுக்கு வழியாக அவளுடைய இரண்டு விரல்கள் உள்ளே போயிருந்தன. விரல்களுக்கு அந்தப் பக்கம் இரும்பு தெரிந்தது.

நான் கத்தவில்லை. கத்தினால் அவள் திடுக்கிடுவாள், திடுக்கிட்டால் விரல் எதையாவது இழுக்கும் என்று எந்த மூளை எனக்குச் சொன்னதோ தெரியாது. "கைய எடு தங்கம், பெரியம்மா தொறந்து தாரேன்" என்றேன். விரல்கள் வெளியே வந்தன. பையை வாங்கினேன். என் கை முழுக்க மஞ்சள் தூள். திரும்பினால் தங்கை கத்தியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். அவளும் பார்த்துவிட்டாள். பிள்ளையை அள்ளித் தூக்கினாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள், வெள்ளரிக்காயை அப்படியே போட்டுவிட்டு நடந்தாள்.

பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். சாமி அந்தக் குடியிருப்பின் முனையில் ஒரு வீட்டுக்கு முன்னால் தீபாராதனைக்காக நின்றிருந்தது. அங்கேயே வண்டிகளை ஒதுக்கிவிட்டபடி ஒரு போலீஸ்காரர் நின்றார். அவருக்கும் எனக்கும் நடுவே ஒரு கார் நிற்கும் தூரம்தான். உரிமம் இல்லாதவர் கையில் இருந்தால் ஜெயில் என்று அதிகாரி சொன்னது காதில் அப்படியே கேட்டது. அந்த உரிமம் இல்லாதவர் இப்போது நான். திருட்டுக்கும் போகவில்லை, அடிதடிக்கும் போகவில்லை. புருஷன் கொடுத்ததை வாங்கி வைத்தேன், அவ்வளவுதான்.

முன் கட்டைக்கு அருகில் போய் அவர் காதோரம் சொன்னேன். "இத இப்பவே வாங்கிக்கிட்டுப் போங்க."

"பைத்தியமா ஒனக்கு? சாமி தோள்ல இருக்கு, தெரியல?"

"புள்ள கையில இருந்துச்சுங்க. ஜிப்ப தொறந்துட்டா."

அவர் முகம் ஒரு கணம் மாறியது, அதை நான் பார்த்தேன். உடனே பழைய முகம் வந்துவிட்டது.

"வெடிக்கலல்ல? அப்புறம் என்ன? சேஃப்டி போட்டிருக்கு லா. பெருசு பண்ணாத, போ."

வெடிக்கவில்லை அல்லவா. இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் எத்தனையோ பேசியிருக்கிறார், திட்டியிருக்கிறார், அதெல்லாம் மறந்துபோகும். இந்த ஒரு வார்த்தை மறக்காது. அந்தப் பிள்ளை அவர் மடியில் வளர்ந்தவள். அவளுக்கும் சாவுக்கும் நடுவில் இருந்தது ஒரு பொடி விசை. அதை இவர் காலையில் சரியாகத் தள்ளினாரா என்பதை இவரே திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்.

எங்கள் காரில் போய் உட்கார்ந்தேன். கதவைப் பூட்டிக்கொண்டு பையை மடியில் வைத்தேன். அதன் முனை எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தடவிப் பார்க்கவும் பயம். வேர்த்து ஊற்ற, சாமி ஊரைச் சுற்றி வரும்வரை அப்படியே இருந்தேன். அவர் தோளில் சிவந்த தழும்போடும் கழுத்தில் மாலையோடும் வந்து கண்ணாடியைத் தட்டினார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சித்தப்பா மகன் தோள் மாற்றக் கேட்டதையும் தான் கொடுக்காததையும் பேசிக்கொண்டு வந்தார்.

மறுநாள் பிள்ளை வரவில்லை. தங்கைக்கு போன் செய்தேன்.

"அக்கா, ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல. அந்தச் சாமான் ஒங்க வீட்ல இருக்கிற வரைக்கும் புள்ளைய அனுப்ப மாட்டேன். அவ்ளோதான்."

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. நான் அவளாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவரிடம் கெஞ்சினேன், திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று. நகையைத் தனியார் காவல் வண்டியில் அனுப்புகிற ஆட்கள் இருக்கிறார்கள், நம் ஊரில் பாதிக் கடைக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். "என்னய மறுபடி வெட்டிப் போட்டா ஒனக்கு சந்தோஷமா?" என்று வடுவுள்ள கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அந்தக் கைக்கு மருந்து வைத்துக் கட்டியவள் நான். எனக்கே அதை நீட்டிக் காட்டினார். பிற்பகலில் வீடு வெறிச்சோடிக் கிடந்தது. பிள்ளை சேர்த்துவைத்த துணித் துண்டுகள் இயந்திரத்துக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. அதைப் பார்க்கும் போதெல்லாம் அவர்மேல் வந்த ஆத்திரத்தில் ஊசியை உடைத்திருக்கிறேன்.

உரிமத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்தது. பெட்டகத்தைப் பார்க்க ஒரு போலீஸ் அதிகாரி வீட்டுக்கு வந்தார். வயதானவர், மரியாதையாகப் பேசினார். பெட்டகத்தைத் திறந்து மூடிப் பார்த்தார், திருப்தியாகத் தலையசைத்தார். கூடத்தில் உட்கார்ந்து மலாயில் கேட்டார், உங்களைத் தவிர வேறு யார் கையிலாவது எப்போதாவது இருந்ததா என்று.

"யாரும் இல்ல துவான்" என்றார் என் வீட்டுக்காரர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

நான் தேநீரை வைத்துக்கொண்டிருந்தேன். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"சாயா" என்றேன். மலாயில், நான்தான் என்று. "என் கைப்பையில் இருந்தது. பிறகு ஐந்து வயதுப் பிள்ளை கையில் இருந்தது."

அந்தத் தேநீரை யாரும் குடிக்கவில்லை. துப்பாக்கி அன்றைக்கே அதிகாரியோடு போனது. போலீஸ் நிலையத்தில் என் வீட்டுக்காரரிடமும் வாக்குமூலம் வாங்கினார்கள், என்னிடமும் வாங்கினார்கள். என்மேல் வழக்கு வருமா வராதா என்று தெரியாமல் சோறு இறங்காமல் கிடந்த நாட்கள் உண்டு. கடைசியில் என்னை எச்சரிக்கையோடு விட்டார்கள், அவருக்கு உரிமம் ரத்தானது. இப்போது நகை காவல் வண்டியில்தான் போகிறது. அவர் என்னோடு பேசுவதைக் குறைத்துவிட்டார். கட்டின புருஷனையே காட்டிக்கொடுத்தவள் என்று அவர் சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். ஜெயிலுக்குப் போகிற சாமானை ஒரு வார்த்தை சொல்லாமல் பெண்டாட்டி பையில் போட்டவரை அவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். இந்த வருஷத் திருவிழாவில் அவர் சட்டையைக் கழற்றி நீட்டினார். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். கைப்பை கொண்டுபோகவில்லை.

துப்பாக்கி வீட்டை விட்டுப் போன அந்த வாரமே தங்கை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளை நேராகக் கூடத்து நாற்காலியில் இருந்த என் கைப்பையிடம் போனாள். போனவள் தொடாமல் நின்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். முன்பு ஒரு நாளும் அவள் அப்படி நின்றதில்லை.

நான் பையை எடுத்து, உள்ளே இருந்ததெல்லாம் விழத் தரையில் கவிழ்த்தேன். சீப்பு, குடை, விபூதிப் பொட்டலம், போன். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் போனை எடுத்தாள்.