பீப்பாய் லாரியின் வெளிப்பக்கம்

எல்லோரும் அவளைக் குருவி என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பத்து மூன்று வயதாகியும் நாலரை அடியைத் தாண்டாத உடம்பு. பள்ளிக்கூடத்தில் கேலிக்கு வைத்த பெயர், அண்ணனுடைய பட்டறையில் தொழில் பெயராகிவிட்டது.

அங்கே பால் ஏற்றும் டேங்குகள் செய்தார்கள். டேங்கின் உச்சியில் ஒரு வட்ட வாய் இருக்கும். தோள் அகன்ற ஆண்பிள்ளைகள் அதற்குள் இறங்குவதற்குள் முழி பிதுங்கிவிடும். குருவி இரண்டு கையையும் தூக்கி, மூச்சை இழுத்துக்கொண்டு, ஒரே வழுக்கில் உள்ளே போய்விடுவாள். தகடும் தகடும் சேரும் இடத்தை வெல்டிங் வைத்து, தேய்த்து, தடவினால் இணைப்பே தெரியாதபடி மழமழவென்று ஆக்கிவிட்டு வெளியே வருவாள்.

இருபது வருஷமாக இதே வேலை. வெளிப்பக்கம் அண்ணனுடையது. வாங்க வருகிறவர்கள் டேங்கைத் தட்டிப் பார்ப்பார்கள், பளபளப்பைப் பார்ப்பார்கள், அண்ணன் கையைக் குலுக்கிவிட்டுப் போவார்கள். அந்த நேரத்தில் அவள் பெரும்பாலும் அடுத்த டேங்குக்குள் இருப்பாள்.

பால் டேங்க் கேட்டு யாரும் வராமல் பட்டறை ஈ ஓட்டிக்கொண்டிருந்த சமயத்தில்தான் அந்தப் பழைய லாரி வந்து சேர்ந்தது. கல்குவாரி ஒன்றில் மண்ணுக்குள் சக்கரம் புதைந்து கிடந்த வண்டி. வயது அறுபதுக்குக் குறையாது. நீண்ட மூக்கும், இரண்டு பக்கமும் தவளைக்கண் மாதிரி விளக்குகளும். ஒரு குளிர்பானக் கம்பெனி அதை வாங்கி, என்ஜினுக்கு உயிர் கொடுத்து அனுப்பியிருந்தது. அதன் முதுகில் ஒரு பெரிய பீப்பாயைப் படுக்கவைத்தது போல் உடம்பு கட்ட வேண்டும். பீப்பாயின் ஒரு பக்கம் ஜன்னல் கதவு போல மேலே தூக்கித் திறக்க வேண்டும். உள்ளே குளிர்ந்த டேங்க், முன்னால் ஆறு குழாய்கள். வண்டி ஊர் ஊராகப் போய்ப் புதுப் பழரசத்தை ஜனங்களுக்கு ருசி காட்டும். ஆறு வாரத்தில் முடித்துத் தர வேண்டும் என்று கம்பெனியின் விளம்பர அதிகாரி ஒருத்தி வரைபடத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

வேலை ஆரம்பித்த ஐந்தாம் நாள் அண்ணன் ஒரே இடத்தில் இரண்டு தடவை தப்பாக ஓட்டை போட்டார். தகட்டின் ஓரம் அவருக்குப் புகையாகத் தெரிந்தது. டாக்டர் இரண்டு கண்ணிலும் புரை என்றார். ஒன்றன்பின் ஒன்றாக ஆபரேஷன், அதற்கப்புறம் ஒரு மாசம் வெல்டிங் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது.

"வேற பட்டறைக்குக் குடுத்துடலாம்," என்றார் அண்ணன்.

"நான் பண்றேண்ணே."

"வெளி வேலை வேறம்மா. உள்ளே கொஞ்சம் கோணினா யாருக்குத் தெரியும்?"

"உள்ளே கோணினா பால் கெட்டுப்போகும்ணே. வெளியே கோணினா பார்வைதான் கெட்டுப்போகும்."

இருபது வருஷத்தில் தங்கை அண்ணனிடம் இப்படி எதிர்த்துப் பேசியதில்லை. அவர் தன் தோல் கையுறைகளைக் கழற்றி அவளிடம் நீட்டினார். அவை அவளுடைய முழங்கை வரை வந்தன.

சவால் விட்டது சுலபமாக இருந்தது. முதல் தகட்டிலேயே குருவி மாட்டிக்கொண்டாள். டேங்கின் தகடு கனமானது, சூட்டைத் தாங்கும். பீப்பாய்க்குப் போடுவது மெல்லிசுத் தகடு. ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நேராக வெல்டிங் இழுத்ததும் தகடு அப்பளம் மாதிரி நெளிந்துபோனது. சாயந்திரம் வீட்டுக்குப் போனவள் சாப்பாட்டுத் தட்டை அளைந்துகொண்டே இருந்தாள். அவள் கணவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன்.

"எத்தனை தகடு போச்சு?" என்றான்.

"ஒண்ணு."

"ஒண்ணுக்கா இந்த மூஞ்சி?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் விரல் நீளத்துக்கு மட்டும் தையல் போல ஒரு வெல்டிங் வைத்தாள், நாலடி தள்ளி இன்னொன்று, அப்புறம் எதிர்ப்பக்கம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஈரத்துணி வைத்துச் சூட்டை எடுத்தாள். மெதுவான வேலை. ஆனால் தகடு சொன்ன பேச்சைக் கேட்டது. மூன்றாவது வாரம் முடிகிறபோது பீப்பாய் உருண்டு திரண்டு லாரியின் முதுகில் உட்கார்ந்திருந்தது. வெயில் பட்டபோதும் ஒரு நெளிவு தெரியவில்லை.

குழாய்களை எங்கே வைப்பது என்று குறிக்கப் போனபோதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. வரைபடத்தின்படி லாரியின் தளத்திலிருந்து இரண்டரை அடி உயரத்தில் ஒரு மேடை. பானம் ஊற்றுகிறவர்கள் உள்ளே நின்று ஊற்றித் தருவார்கள். தளமே தரையிலிருந்து மூன்றரை அடி. குருவி கீழே இறங்கி வண்டியை ஒட்டி நின்று அண்ணாந்து பார்த்தாள். மேடை வரவேண்டிய இடம் அவள் தலைக்கு ஒன்றரை அடி மேலே இருந்தது.

மறுநாள் மேற்பார்வைக்கு வந்த அதிகாரியிடம் சொன்னாள். அதிகாரி வரைபடத்தை விரித்தாள். "மேலதிகாரி கையெழுத்துப் போட்டாச்சுக்கா. இனிமே மாத்த முடியாது."

"இதுல ஒரு மனுஷனைக்கூட வரையலியே."

"மனுஷனை எதுக்கு வரையணும்? இது வண்டி."

குருவி வாதாடவில்லை. தளத்தில் ஏறி, மேடை வரவேண்டிய உயரத்துக்கு ஒரு பலகையைக் கட்டினாள். ஒரு டம்ளரில் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி அதன் மேல் வைத்தாள். "கொஞ்சம் எடுத்துக் குடிங்க," என்றாள். அதிகாரி நெட்டையானவள்தான். ஆனாலும் தரையில் நின்று எக்கிக் கையை நீட்டியதில் டம்ளர் சாய்ந்து, தண்ணீர் சட்டைக் கைக்குள் இறங்கி முழங்கை வழியாகச் சொட்டியது. ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அண்ணன், கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, "பழரசமா இருந்தா எறும்பும் சேர்ந்து வந்திருக்கும்," என்றார்.

அதிகாரி முதலில் முறைத்தாள். அப்புறம் கையை உதறிக்கொண்டே, "சரி, என்ன பண்ணலாம் சொல்லுங்க," என்றாள்.

தளத்துக்குக் கீழே, சக்கரங்களுக்கு நடுவில், முன்பு சாமான் பெட்டி இருந்த இடம் சும்மாதான் கிடந்தது. டேங்க் மேலேயே இருக்கட்டும், குழாயைக் கீழே கொண்டுவந்துவிடலாம் என்றாள் குருவி. பானம் தானாக இறங்கி வரும். மடக்கி விரிக்கிற ஒரு பலகை போதும். ஊற்றுகிறவர்களும் தரையிலேயே ஜனங்களோடு ஜனங்களாக நிற்கலாம். அதிகாரி அங்கேயே நின்று மேலதிகாரிக்குப் போன் போட்டாள். அரைமணி நேரம் பேசினாள். நடுவில் ஒரு தடவை, "சார், நானே நனைஞ்சு பார்த்துட்டேன்," என்றாள். சரி என்று பதில் வந்தது.

சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்பாகவே வண்டி பச்சையும் மஞ்சளுமாகப் பெயின்ட் அடித்துத் தயாரானது. சந்தை மைதானத்தில் முதன்முதலாகப் பீப்பாயின் பக்கத்தைத் தூக்கித் திறந்தபோது நல்ல கூட்டம். குழந்தைகள் பலகையில் முகவாயை வைத்துக்கொண்டு டம்ளர் நிரம்புவதைப் பார்த்தன. சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெரியவர் யார் உதவியும் இல்லாமல் தானே குழாயைத் திறந்து பிடித்துக்கொண்டார், இரண்டு தடவை. குருவிக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டுக் கணவனிடம் நீட்டினாள். "ஒரே தித்திப்பு. நீயே குடி."

பக்கத்து ஊர்ப் பட்டறைக்காரர் ஒருவர் பீப்பாயைச் சுற்றிச் சுற்றி வந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் இணைப்பைக் கண்டுபிடிக்க முடியாமல் அண்ணனிடம் வந்து கையை நீட்டினார். அண்ணன் தன் கையைக் கொடுக்கவில்லை. "நான் ஆஸ்பத்திரியில படுத்துக் கெடந்தேங்க. அதோ நிக்கறா பாருங்க, என் தங்கச்சி. அவகிட்டே பேசுங்க."

குருவிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையை இரண்டு தடவை புடவையில் துடைத்துவிட்டுத்தான் நீட்டினாள்.

அதற்குப் பிறகு வெளி வேலையைக் கேட்டும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அண்ணன் அவளிடம், இனிமேல் டேங்குக்குள் போக வேண்டாம், வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. டேங்குக்குள் இருக்கும் அமைதி அவளுக்குப் பிடிக்கும். வாரத்தில் மூன்று நாள் உள்ளே, மூன்று நாள் வெளியே என்று அவளே வகுத்துக்கொண்டாள்.

லாரியின் டிரைவரிடம் அவள் நம்பர் இருந்தது. வண்டிக்கு ஏதாவது என்றால் கூப்பிடக் கொடுத்தது. வண்டி ஊர் சுற்றக் கிளம்பிய நாலாவது வாரம் அவர் கூப்பிட்டபோது, கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எடுத்தாள்.

"வெல்டிங் எங்கேயாவது விட்டுப்போச்சாண்ணே?"

"ஒண்ணும் இல்லம்மா. வண்டி கல்லு மாதிரி இருக்கு. இங்கே கடற்கரையில நிறுத்தியிருக்கோம், நல்ல கூட்டம். உங்ககிட்டே சொல்லணும்னு தோணுச்சு, அவ்வளவுதான்."

குருவி கடலைப் பார்த்ததே இல்லை. "போனைக் கொஞ்சம் கடல் பக்கம் நீட்டுங்கண்ணே," என்று சொல்லிவிட்டு, வெல்டிங் தொப்பியை நெற்றிக்கு மேலே தள்ளி, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். முதலில் குழந்தைகளின் கூச்சல்தான் கேட்டது. அப்புறம் அதற்குப் பின்னாலிருந்து அலையும்.