அத்தை எடுக்காத விளக்கு

அத்தைக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடமாகியும் குழந்தையில்லை. எனக்கு அப்போது பத்து வயது. அந்த ஒன்பதில் ஏழு வருடம் மாசித் தெப்பத்துக்குத் திருக்கோஷ்டியூர் போய் விளக்கெடுத்தவள் அவள். குளக்கரையில் எரியும் அகல்களில் ஒன்றை வேண்டிக்கொண்டு எடுத்துவந்து வீட்டில் வைத்துக் கும்பிட வேண்டும். வேண்டியது நடந்துவிட்டால் அடுத்த மாசியில் அதைக் கொண்டுபோய்க் கரையில் ஏற்ற வேண்டும். நடக்காவிட்டால் என்ன செய்வது என்று அத்தைக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. அவளே ஒரு முறை வைத்திருந்தாள். பழையதைக் கரையில் ஏற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்துக்கொள்வாள். பெருமாளும் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை.

அத்தை வாழ்க்கைப்பட்டது சாக்கோட்டையில். விளக்கை மட்டும் காரைக்குடியில் எங்கள் வீட்டுச் சாமி அறையில் வைத்திருந்தாள். மாமியார் கண்ணில் பட்டால் மாதந்தோறும் அதைக் காட்டியே பேச்சு வரும். அதனால் வெள்ளிக்கிழமைகளில் பஸ்ஸில் வருவாள். தகர டப்பாவைத் திறந்து விளக்குக்குப் பூப்போட்டு, கொஞ்ச நேரம் கண்மூடி நின்றுவிட்டு, அம்மா கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பாள்.

அந்த வருடம் பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது டப்பாவை இறக்கி வைக்கும் வேலை எனக்கு வந்தது. இறக்கி வைத்ததோடு விட்டிருக்கலாம். திறந்து பார்த்தேன். கை தவறி விளக்கு மூன்று துண்டானது. துண்டுகளைக் கிணற்றில் போட்டுவிட்டு, கார்த்திகைக்கு ஏற்றி மிஞ்சிய அகல் ஒன்றை டப்பாவுக்குள் வைத்து மூடிவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை அத்தை கண்மூடி நின்றபோது அங்கே நிற்க முடியாமல் மாட்டுக் கொட்டத்துக்கு ஓடிப்போனேன்.

அதற்குள் இன்னொரு செய்தியும் வீட்டில் அடிபட்டது. இந்த மாசியோடு சரி, அதற்கப்புறம் தன் மகனுக்கு வேறு பெண் பார்க்கப் போவதாக அத்தையின் மாமியார் சொல்லிவிட்டாராம். அம்மா அதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். அத்தைக்குப் பிறக்க வேண்டிய பிள்ளையைக் கிணற்றில் போட்டவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாசியில் பகல் தெப்பத்துக்கு அத்தை என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள். குளத்துப் படியெல்லாம் விளக்கும் கூட்டமுமாக இருந்தது. அத்தை டப்பாவைத் திறந்து விளக்கை வெளியே எடுத்தாள். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

“அத்தே, அது அந்த வெளக்கு இல்ல. நான் ஒடச்சுட்டேன்.”

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

“எப்ப ஒடச்ச?”

“பொங்கலுக்கு வெள்ளையடிச்சப்ப.”

அத்தை விரல் விட்டு எண்ணினாள். “அப்ப ஏழு வெள்ளியா நம்ம வீட்டுக் கார்த்திகை வெளக்குக்கா பூப்போட்டேன்? எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலயேத்தா!”

சிரிக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோய், படியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து அந்தக் கார்த்திகை அகலில் எண்ணெய் விட்டு ஏற்றிக் கரையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

“வெளக்கு எடுக்கலையா தாயி? இங்குட்டு வந்து பாருங்க, நல்லா நின்னு எரியுது” என்று ஒரு அம்மாள் நகர்ந்து இடம் விட்டார்.

“இல்லக்கா, நீங்க எடுத்துக்கங்க” என்று சொல்லிவிட்டு அத்தை என் கையைப் பிடித்துப் படியேறினாள்.

காரைக்குடிக்கு பஸ் மாற வேண்டிய திருப்பத்தூரில், பைக்குள்ளிருந்து ஒரு கவரை எடுத்தாள். ஒட்டி, தபால்தலையெல்லாம் வைத்து ஆயத்தமாக இருந்தது. முனைகள் மடங்கியிருந்ததைப் பார்த்தால் பல நாளாகப் பைக்குள்ளேயே கிடந்த மாதிரி இருந்தது. அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் நான் இல்லை. அத்தை அடிக்காமல் விட்டது ஏன் என்று இப்போது புரிந்துவிட்டதாக நினைத்தேன். என்னைப் பற்றி அப்பாவுக்கு எழுதிவிட்டாள்!

“இதப் போயி அந்தப் பெட்டியில போட்டுட்டு வா.”

தபால் பெட்டி வரைக்கும் போய் நின்றேன். பக்கத்தில் சாக்கடை ஓடியது. அதில் விட்டெறிந்தால் யாருக்குத் தெரியும்? திரும்பிப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை. முந்தானையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்து நின்றாள். ஒன்றை உடைத்தது போதும் என்று தோன்றியது. எக்கி, கவரைப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து தபால்காரர் மணிச் சத்தம் கேட்டாலே அப்பாவுக்கு முன்னால் வாசலுக்கு ஓடுவேன். அப்பாவுக்கு அப்படி எந்தக் கடிதமும் வரவில்லை. பங்குனியில் ஒரு காலையில் அத்தையே வந்தாள். பின்னால் மாமா ஒரு டிரங்குப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

எட்டாவது படித்த பெண்களுக்கு மதுரையில் பிரசவம் பார்க்கும் நர்ஸ் பயிற்சி கொடுத்தார்கள். அத்தைக்கு அதில் இடம் கிடைத்திருந்தது. வருகிறேன் என்று அவள் எழுதிய பதிலைத்தான் நான் பெட்டியில் போட்டிருந்தேன்.

“ஒன் மாமியா என்ன சொன்னாக?” என்று அப்பா கேட்டார்.

“பெறாதவ பிரசவம் பாக்கப் போறாளாக்கும்னாக.”

“நீ என்ன சொன்ன?”

“ஆமான்னேன்.”

மாமா பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, “மதுர பஸ்ஸு வர்ற நேரமாச்சு” என்றார். அவர் கடைசிவரை வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அத்தை சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பிரசவம் பார்த்தாள். தனக்கென்று ஒரு பிள்ளை பிறக்கவில்லை. அதெல்லாம் பின்னால் நடந்தவை.

அன்றைக்கு நான் கண்டதெல்லாம் அத்தையும் பெட்டியும்தான். மாமியார் விரட்டிவிட்டார், நான்தான் காரணம் என்று தெருவே கேட்கும்படி அழுதேன். அத்தை என் மூக்கைத் துடைத்துவிட்டு, “எதுக்குத்தா அழுகுற? நாந்தானே போறேன்” என்றாள். அதைக் கேட்டு இன்னும் சத்தமாக அழுதேன். பெட்டியோடு வீட்டை விட்டுப் போகிற பெண்ணை யாரோ விரட்டித்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். தானாகவும் போகலாம் என்று அந்த வயதில் எனக்குத் தெரியாது.