முப்பத்தைந்து நிமிடப் பயணம்

கனடாவின் வடக்கே சாலையே இல்லாத இரண்டு ஊர்களுக்கு நடுவே விமானத்தில் முப்பத்தைந்து நிமிடம் என்று ஓர் இணையப் பக்கம் சொல்லும். அந்தப் பக்கத்தை எழுதிய மேதை நான்தான். மாண்ட்ரியலில், சென்ட் லோரன்ட் பகுதி அலுவலகத்தில், கால்களை ஹீட்டருக்கு நீட்டிக்கொண்டு எழுதினேன்.

போன நவம்பரில் வேலையாக நானே அங்கே போக நேர்ந்தது. முதல் ஊரின் விமான நிலையத்தில், அடுத்த ஊருக்குப் போக என்னுடன் காத்திருந்தவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். ஹீட்டர் பழுதுபார்ப்பவர். தலை கறுப்பு, புருவம் மட்டும் வெள்ளை. அவர் பையைத் திறந்தபோது ஸ்பானர்களைவிடப் புட்டு மாவுதான் அதிகம் இருந்தது.

"அரை மணி நேரத்துக்கு எதுக்குண்ணே இவ்ளோ மாவு?" என்று சிரித்தேன்.

"தம்பி இந்தப் பக்கம் முதல்தடவை போலை இருக்கு" என்றார்.

மூடுபனி இறங்கியது. அன்று விமானம் வரவில்லை, மறுநாளும் இல்லை. என்னிடம் இருந்தது ஒரு சட்டையும் பாதிப் பொட்டலம் பிஸ்கட்டும். மூன்றாம் நாள், விடுதிச் சமையலறையில் அவர் அவித்த புட்டை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டே, அந்த முப்பத்தைந்து நிமிடக் கணக்கைப் போட்டவன் நான்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "கணக்கிலை பிழையில்லைத் தம்பி. ஏறினால் முப்பத்தைஞ்சு நிமிசம்தான். ஏறக் கிடைக்கவேணுமெல்லோ."

நான்காம் நாள் ஏறினோம். சக்கரம் தரையைத் தொட்டதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"முப்பத்து நாலு, தம்பி. மாத்திவிடுங்கோ."

கிண்டலா, நிஜமா என்று அந்த முகத்திலிருந்து இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஊர் திரும்பியதும் முதல் வேலையாக மாற்றிவிட்டேன்.