முத்தாண்டிக்குப்பம் வளைவும் முன் பிரேக்கும்

எங்கள் வீட்டில் பைக்கின் முன் பிரேக்கைத் தொடக்கூடாது. இது என் கணவர் போட்ட சட்டம். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, நிலக்கரி மைன்ஸில் அவரோடு வேலை பார்க்கும் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். மழைக்காலத்தில் கேட்டுக்கு வெளியே நிலக்கரிச் சேறு சாலையில் அப்பிக் கிடக்கும். அங்கே பதறிப்போய் முன் பிரேக்கை இறுக்கியவர்கள் டிபன் கேரியரோடு விழுந்து எழுந்திருக்கிறார்கள். அதிலிருந்து கையில் பிடிக்கும் முன் பிரேக் அழகுக்கு, காலில் மிதிக்கும் பின் பிரேக் உயிருக்கு என்று ஆகிவிட்டது.

அவரே சேற்றுக்குப் பயந்து ஷிப்ட் பஸ்ஸுக்கு மாறிவிட்டதால் பைக் வீட்டில் சும்மா நின்றது. நான் கற்றுக்கொண்டேன். எனக்குக் காடாம்புலியூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. சர்க்கரை பார்ப்பதற்காக வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் விடிந்ததும் வாசலில் நிற்பார்கள். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பேர் பசி தாங்காமல் பக்கத்துக் கடையில் டீ குடித்துவிடுவார்கள். அப்புறம் எந்தச் சர்க்கரையைப் பார்ப்பது? நேரத்துக்கு வரமுடியாவிட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்கிறேன் என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

நாங்கள் குடியிருக்கும் மைன்ஸ் டவுன்ஷிப்பில் ஓட்டிப் பழகியவர்களுக்கு வளைவென்றால் என்னவென்றே தெரியாது. சாலையெல்லாம் நேர்கோடு. பிளாக் முனையில் வேகத்தடை இருக்கும், அதுவே நம்மை அடக்கித் திருப்பிவிடும். நான் வேலைக்குப் போகும் வழியிலுள்ள முத்தாண்டிக்குப்பம் வளைவில் அந்த உபகாரம் செய்ய யாரும் இல்லை. ஒரு நாள் காலை வந்த வேகத்திலேயே வளைவுக்குள் போய்விட்டேன். வண்டி சாய்ந்திருந்தபோது பயம் வந்தது. கால் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தேன். பின் சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிட்டு வெளிப்பக்கமாக வழுக்கியது. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி ஒரு உதறு உதறி நிமிர்ந்து, செம்மண்ணில் இறங்கி, முந்திரித் தோப்பு வேலியோரம் நின்றது. விழவில்லை. ஆனால் அன்றைக்கு முதல் ஆளுக்கு நரம்பு கிடைக்க இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது.

யாரோ பார்த்திருக்கிறார்கள். செய்தி ஷிப்ட் பஸ்ஸில் ஏறி எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது.

"வண்டியும் வாணாம், ஒண்ணும் வாணாம். வேல போனா போவுது. நீ வூட்ல இருந்துகினாலே போதும்" என்றார் கணவர். சொந்த ஊரான கம்மாபுரத்துப் பேச்சு அவருக்குக் கோபத்தில்தான் முழுசாக வரும்.

"வேலைய விடமாட்டேங்க. ஞாயித்துக்கிழம வரைக்கும் டைம் குடுங்க. நீங்களே பின்னாடி உக்காந்து பாருங்க. அப்புறம் பேசுவோம்" என்றேன்.

ஆளில்லாத குவார்ட்டர்ஸ் பக்கம் தினமும் சாயங்காலம் ஓட்டிப் பார்த்தேன். கால் பிரேக்கை மட்டும் மிதித்தால் வண்டி நிற்க ரொம்ப தூரம் எடுத்தது. முன் பிரேக்கையும் சேர்த்து, சிரிஞ்சில் ரத்தம் இழுப்பதுபோல நிதானமாகப் பிடித்தால் சமர்த்தாக அடங்கியது. வெடுக்கென்று இழுத்தால்தான் வம்பு. அதுவும் வண்டி நேராக நிமிர்ந்திருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். சாய்ந்த பிறகு பிரேக்கைத் தேடினால் தேடியவர் தரையில்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போகிறவர்போல பயபக்தியோடு பின்சீட்டில் ஏறினார். வளைவு தூரத்தில் தெரிந்ததுமே இரண்டு பிரேக்கையும் மெல்ல அழுத்தினேன், கியரைக் குறைத்தேன். பிறகு இரண்டையும் விட்டுவிட்டு, பார்வையைச் சாலை போய் முடியும் இடத்தில் வைத்துச் சாய்ந்தேன். என் தோளைப் பிடித்திருந்த அவர் விரல்கள் இறுகின. வளைவு முடிந்து லேசாக ஆக்சிலரேட்டரைத் திருகியபோதுதான் அவை தளர்ந்தன.

"பிரேக் எங்க புடிச்ச? வளைவுக்குள்ள புடிச்சாப்புல தெரியலியே."

"வெளியிலயே புடிச்சிட்டேங்க."

"முன்னதுமா?"

"முன்னதுந்தான்."

வளைவு தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். மறுநாள் வேலை இருக்குமா இல்லையா என்பது அந்த மனிதருடைய வாயில் இருந்தது, அவரோ பன்னை மென்றுகொண்டிருந்தார். எரிச்சல் எரிச்சலாக வந்தது. திரும்பும்போது சாவியைக் கேட்பார் என்று நினைத்து நீட்டினேன். வாங்கவில்லை. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு,

"போற வழில பெட்ரோல் போட்டுடு. நாளிக்கு வேலைக்குப் போவுறப்ப விடியக்காலைல அதுக்குன்னு எங்க போயி நிப்ப?" என்றார்.