எர்த் ராடு போடாமல் ஏறாதவர்

அவநம்பிக்கை என்ற சொல்லை நான் கல்லூரியில்தான் எழுதிப் பழகினேன். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. “அவன் ஒருத்தனையும் நம்ப மாட்டான்” என்பார்கள். அந்தப் பேச்சை அதிகம் வாங்கியவர் என் அப்பா விருத்தாசலம். விழுப்புரம் பக்கம் இருபத்தாறு வருடமாக லைன்மேன்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். சான்றிதழைக் கையில் கொடுத்தபோது, அப்பா என் பழைய ஹால் டிக்கெட்டைக் கேட்டு வாங்கி, பதிவெண் ஒத்துப்போகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார். அதன் பிறகுதான் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

வேலையிலும் அப்படித்தான். கரண்டை நிறுத்தியாயிற்று என்று யார் சொன்னாலும் எர்த் ராடு போடாமல் கம்பத்தில் ஏற மாட்டார். சங்கிலியைத் தரையில் அடித்த கம்பியில் கட்டி, நீளக் கோலின் கொக்கியை மேலே லைனில் மாட்டுவார். மின்சாரம் இருந்தால் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

போன ஐப்பசி மழையில் மண்டகப்பட்டு போகிற வழியில் ஓர் ஊரில் லைன் அறுந்தது. அப்பாவும் கூட வேலை பார்க்கும் கோபியண்ணனும் போனார்கள். கரண்டை நிறுத்த, கோபியண்ணன் டிரான்ஸ்ஃபார்மரில் மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கிக்கொண்டு வந்து கம்பத்தில் கால் வைத்தார்.

அப்பா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். “எறங்குடா. ராடு போட்டுடறேன்.”

“இன்னாண்ணே நீ! மூணு பீஸும் எம் பையில கீது. என்னை நம்ப மாட்டியா?”

“நீங்க பஞ்சாயத்து பண்ணிக்கினு இருந்தா தண்ணி மோட்டாரு எப்பங்க ஓடறது? ஜல்தி!” என்றாள் குடத்தோடு நின்ற ஒரு பெண்.

அப்பா சங்கிலியைக் கட்டிவிட்டுக் கொக்கியை லைனில் மாட்டினார். பளீரென்று பொறி பறந்தது. பின்தெருக் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் உறுமி நின்றது. மண்டபத்தின் மெயின் சுவிட்சை நிறுத்தாமலே அதை இணைத்திருந்தார்கள். அந்தக் கரண்டு லைனுக்கே திரும்பி வந்திருக்கிறது.

கோபியண்ணன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். பையிலிருந்த பீஸ் கட்டைகளை எடுத்துக் காட்டினார். “நெஜமாத்தான் புடுங்கினேண்ணே.”

“தெரியும்டா. உம்மேல எனக்கு இன்னா சந்தேகம்? ஒயரு மேலதான்.”

மண்டபத்தில் இணைப்பைக் கழற்றவைத்துவிட்டுத் திரும்பினார்கள். கோபியண்ணன் கம்பத்தடிக்குப் போனார்; கால் வைக்கவில்லை.

“அண்ணே, இன்னொரு தபா ராடு போட்டுடு.”

இதையெல்லாம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே கோபியண்ணன்தான் சொன்னார். அம்மா அப்பாவின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள். அவர் போதுமென்று தடுக்கவில்லை.

நான் எழுந்துபோய், அந்தப் பழைய ஹால் டிக்கெட்டைத் தேடியெடுத்துச் சான்றிதழ் இருக்கும் கவரிலேயே வைத்தேன்.