ரோசலின் கேட்ட கேள்வி

பக்கத்துக் கிராமமான வாழவந்தியிலிருந்து ரோசலினின் தங்கை காலையில் போன் செய்தபோது, நான் விடுதியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து ஒரு விருந்தினரோடு வெந்நீருக்காக வாதாடிக்கொண்டிருந்தேன். "அக்கா போயிட்டாங்க சார்" என்றார். ரோசலின் வேலையை விட்டு வீட்டோடு இருந்த அத்தனை மாதங்களில் நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை என்பதுதான் முதலில் உறைத்தது.

ஏற்காட்டில் எங்கள் விடுதியில் தங்கியவர்களும் வேலை பார்த்தவர்களும் அவரை மறந்திருக்க மாட்டீர்கள். நான் மேனேஜர், அவர் அலுவலக உதவியாளர். ஆனால் அலுவலகத்தை நடத்தியது யார் என்பது உங்களுக்கே தெரியும். ஒரு கோடை விழாவின்போது ஒரே அறையை இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டோம். அறை கிடைக்காமல் பனியில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த குழந்தைகளைப் பார்த்து அவர் கூனிக் குறுகிப்போனார். பிறகு வீடியோ பார்த்துப் பார்த்து, தானே கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். வருகிற மின்னஞ்சலில் தேதியைத் தேடி, காலியான அறையை நாட்காட்டியில் குறித்து, பதிலையும் தயாரித்து வைத்துவிடும் அந்த நிரல்.

தயாரித்து வைக்கும், அவ்வளவுதான். அனுப்புவதற்கு முன் திரையில் ஒரு பெட்டி வந்து, ஆங்கில எழுத்தில் தமிழாகக் கேட்கும்: "முழுசா படிச்சுட்டீங்களா சார்?" ஆமாங்க, இல்லீங்க என்று இரண்டு பொத்தான்கள். ஆமாங்க என்றால் பதில் போகும், இல்லீங்க என்றால் கடிதத்தைக் காட்டி மறுபடி அதையே கேட்கும். எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஒருநாள் ஆமாங்க என்பதை அழுத்தப் போன என் கையை அவர் தடுத்தார். "ஏனுங்க சார், கடைசி வரியப் பாருங்க. அவங்கம்மாவால படி ஏற முடியாதாமா. மெசினு மாடி ரூமு போட்டிருக்குது." பிறகு தரைத்தள அறையாக மாற்றினோம். "அதுக்குத் தேதி மட்டுந்தானுங்க கண்ணுல படும். மிச்சத்த நாமதான் பாக்கோணும்" என்றார்.

நோய் வந்து அவர் வேலையை விட்ட பிறகு வந்த சீசனில் அந்தப் பெட்டி என்னைப் படுத்தியெடுத்துவிட்டது. நிரலில் ஒரு வரிக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி வைத்தால் அந்த வரி வேலை செய்யாது என்று அவரே எப்போதோ சொல்லியிருந்தார். கேள்வி கேட்கும் வரிக்கு முன்னால் அந்தக் குறியை வைத்தேன். அதன்பின் பதில்கள் தாமாகவே போயின. நானும் என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டேன்.

அடக்கம் முடிந்ததும் அவருடைய தங்கை என்னிடம் கேட்டார்: "அக்கா உங்களுக்கு மெயில் போட்டாங்களே, பாக்கலீங்களா?" எந்த மெயில் என்றேன். "பதில் வந்துச்சுங்க. அதப் படிச்சுட்டு அக்கா சிரிச்சாங்க. சாரு கேள்வியத் தூக்கிப்போட்டுட்டாரு, எனக்கு ரூமு குடுத்திருக்காருன்னாங்க. மறுபடி எழுதச் சொன்னேன். சீசனு நேரம், தொந்தரவு பண்ண வேண்டாம்னுட்டாங்க."

விடுதிக்குத் திரும்பி அதைத் தேடி எடுத்தேன். "சார், 14ந் தேதி வியாழக்கெழம நம்ம ஊட்டுக்கு வர முடியுங்களா? உங்களயெல்லாம் பாத்து நொம்ப நாளாச்சுங்க. இப்ப படி எறங்க ஏற முடியறதில்ல, இல்லாட்டி நானே வந்திருப்பேன்." அதற்குக் கீழே என் பெயரில் போன பதில், நிரலுக்காக அவரே எழுதிவைத்த வாசகம்: தங்கள் அறை உறுதி செய்யப்பட்டது, தங்கள் வருகையை ஆவலுடன் எதிர்பார்க்கிறோம். மாடி அறை.

அந்த வியாழக்கிழமை நாட்காட்டியில் ரோசலின் என்ற பெயரை நான் பார்த்தேன். மலையில் எத்தனையோ ரோசலின்கள், யாரோ விருந்தினர் என்று நினைத்தேன். சாயங்காலம் வரை ஆள் வராததால், அறையைப் பிடித்து வைத்துவிட்டு வராமல் இருக்கிறார்களே என்று திட்டிவிட்டு, அதை வேறொருவருக்குக் கொடுத்தேன். வாழவந்திக்கு பைக்கில் போயிருந்தால் அதிக நேரம் ஆகியிருக்காது. வேலை இருந்தது என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ள இப்போது முடியவில்லை.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அந்த மேற்கோள் குறியை அழித்துவிட்டேன், ஒவ்வொரு கடிதத்துக்கும் பெட்டி மறுபடி கேட்கிறது. அதுதான் நான் வைத்திருப்பது. முதல் வேலையாக அவர் கடிதத்தைத் திறந்து நிரலை ஓட்டினேன். "முழுசா படிச்சுட்டீங்களா சார்?" என்று கேட்டது. இல்லீங்க என்பதை அழுத்தினேன், இன்னொரு முறை கேட்கட்டும் என்று.